1969 காமரோ இசட்/28: தொழிற்சாலையில் பிறந்ததா, பின்னால் உருவாக்கப்பட்டதா?

சாலைமாறன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒருவர் 1969ஆம் ஆண்டு செவர்லே காமரோ ஒன்றை விற்பனைக்கு வைத்திருக்கிறார். அது தொழிற்சாலையிலிருந்தே இசட்/28 ஆக, அதாவது பந்தயத்துக்கான எஞ்சின் தொகுப்போடு, வெளிவந்தது என்றும், எஞ்சினும் கியர் பாக்ஸும் முதல் நாளிலிருந்து அதிலேயே இருப்பவை என்றும் உறுதியாகச் சொல்கிறார். ஆரஞ்சு நிறமும் கறுப்புப் பட்டைகளுமாக வண்டி கண்ணைப் பறிக்கிறது. எனக்குத் தயக்கம் வருவதும் அதனால்தான். முந்தைய உரிமையாளர் காலத்தில் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டது என்பதற்கு மேல் அதன் பழைய வரலாறு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. கையில் இருக்கும் ஆவணம் உரிமைப் பத்திரம் ஒன்றுதான்.

இணையத்தில் வண்டி வரலாறு தரும் சேவைகளில் வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். பதின்மூன்று எழுத்துகளே இருப்பதால் எண் தவறு என்று திருப்பி அனுப்பிவிட்டன. சாதாரண எட்டு சிலிண்டர் காமரோவுக்கும் உண்மையான இசட்/28க்கும் இடையிலான விலை வேறுபாட்டில் இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு பணத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. வண்டியை நேரில் பார்க்கப் போகும்போது எதை முதலில் பார்க்க வேண்டும், எந்த அடையாளத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழுதுநீக்கி எழுதியது:

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உரிமைப் பத்திரத்தில் எழுதியிருக்கும் வண்டிதான் உங்கள் முன் நிற்கும் வண்டியா என்பது ஒன்று. அந்த வண்டி இசட்/28 ஆகத்தான் தயாரிக்கப்பட்டதா என்பது மற்றொன்று. இரண்டாவதில் ஏமாந்தால் பணம் போகும். முதலாவதில் ஏமாந்தால் வண்டியே கையை விட்டுப் போகலாம். ஆகவே முதலாவதை முடித்துவிட்டே அடுத்ததற்குப் போங்கள்.

பதின்மூன்று எழுத்துகள் என்பது தவறு அல்ல. பதினேழு எழுத்து வின் எண் 1981ஆம் ஆண்டு மாடல்களிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளை அந்தச் சேவைகள் அறியா. 1969 காமரோவில் அந்த எண் 124379 என்று தொடங்க வேண்டும். முதல் 1 செவர்லே பிரிவையும், 24 என்பது எட்டு சிலிண்டர் காமரோவையும், 37 என்பது கூரை உள்ள கூப்பே உடலையும், 9 என்பது மாடல் ஆண்டையும் குறிக்கும். அடுத்து வரும் எழுத்து ‘என்’ ஆக இருந்தால் ஓஹையோவின் நார்வுட் ஆலை, ‘எல்’ ஆக இருந்தால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் ஆலை. பிறகு வரும் ஆறு இலக்கங்கள் வரிசை எண். 124 என்பதற்குப் பதிலாக 123 இருந்தால் அது ஆறு சிலிண்டர் வண்டியாகப் பிறந்தது. பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் 124 இருப்பதால் மட்டும் அது இசட்/28 ஆகிவிடாது. மிகச் சாதாரணமான 307 கன அங்குல எஞ்சின் வண்டிக்கும் அதே எண்தான். இசட்/28 ஒரு விருப்பத் தொகுப்பு என்பதால் வின் எண்ணில் அதற்கு இடமே இல்லை.

வின் தகடு ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டின் மேல், முன் கண்ணாடி வழியாகத் தெரியும்படி இருக்கும். அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் தலை ஆறு இதழ்ப் பூப்போல இருக்க வேண்டும். சாதாரண வட்டத் தலை ரிவெட் இருந்தால் தகடு கழற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். பூ ரிவெட்டுகளும் இப்போது விலைக்குக் கிடைக்கின்றன என்பதால், அவை சரியாக இருப்பதாலேயே நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

உண்மையான சான்று மறைவாக உள்ளது. 1969 காமரோவில் வின் எண்ணின் ஒரு பகுதி உடலின் தகரத்திலேயே இரண்டு இடங்களில் குத்தப்பட்டிருக்கும். ஒன்று, முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளைத் தகட்டைக் கழற்றினால் தெரியும் கவுல் பகுதியில். மற்றொன்று, பயணி பக்கம் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால், எஞ்சினையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் ஃபயர்வாலில். முதலாவதைப் பார்ப்பதற்குச் சில திருகுகளைக் கழற்றினால் போதும். இரண்டாவதற்கு ஹீட்டர் பெட்டியை எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு விற்பவர் சம்மதிப்பது அபூர்வம். திருகுகளைக் கூடக் கழற்ற விட மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அந்த மறுப்பையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். குத்திய எண்ணைச் சுற்றி வெல்டிங் தையலோ, அந்த இடத்தில் மட்டும் கனமான பெயின்ட்டோ, புட்டியோ இருந்தால், வேறொரு வண்டியின் கவுலை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். துருப்பிடித்து அழிந்துபோன நல்ல வண்டியின் எண்ணை ஆரோக்கியமான சாதாரண உடலுக்கு மாற்றும் வழக்கம் உண்டு. வின் தகட்டைக் கழற்றுவதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பழுதுபார்ப்புக்கும் புதுப்பித்தலுக்கும் வரையறுக்கப்பட்ட விலக்குகள் அதில் இருக்கின்றன என்றாலும், அந்தச் சிக்கலுக்குள் ஒரு வாங்குபவர் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

எட்டுருளை எழுதியது:

பழுதுநீக்கி அவர்கள் முதல் பாதியைச் சொல்லிவிட்டார். நான் எஞ்சினைப் பற்றிச் சொல்கிறேன்.

இசட்/28இன் உயிர்நாடி 302 கன அங்குல எஞ்சின். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 305 கன அங்குல வரம்புக்குள் அடங்குவதற்காக, 4 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் 3 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) வைத்து உருவாக்கியது அது. 1967இல் 602 வண்டிகள், 1968இல் 7,199, 1969இல் 20,302 என இசட்/28இன் உற்பத்தி ஏறிக்கொண்டே போனது. 1969 வண்டிகள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் போலிகளும் அந்த ஆண்டுக்கே அதிகம்.

பயணி பக்கச் சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒளிந்தாற்போல, எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்கின் மேல் விளிம்பில் ஒரு சிறிய தட்டையான பரப்பு இருக்கும். எஞ்சின் ஆலையைக் குறிக்கும் ‘வி’, அதாவது ஃப்ளின்ட், பிறகு மாதமும் நாளும் நான்கு இலக்கங்களில், கடைசியாக ‘டிஇசட்’ என்ற குறியீடு ஆகியவை அங்கே குத்தப்பட்டிருக்கும். 1969இன் 302க்கு உரியது அந்த டிஇசட்தான். கார் ஆலையில் எஞ்சினைப் பூட்டும்போது வின் எண்ணின் சுருக்கமும் குத்தப்படும்: 1, 9, ஆலை எழுத்து, வரிசை எண். 1969இல் இந்தச் சுருக்கம் அதே பரப்பிலோ எண்ணெய் ஃபில்டருக்கு அருகிலோ இருக்கலாம். இரண்டு இடங்களையும் பாருங்கள்.

இந்த எழுத்துகளை யாரும் வீட்டில் உட்கார்ந்து சுத்தியலால் அடித்துவிடலாம். ஆகவே எழுத்துகளைப் படிப்பதைவிட அவை இருக்கும் பரப்பைப் படிப்பது முக்கியம். ஆலையில் பிளாக்கின் மேற்பரப்பைச் சீவிய இயந்திரம் முன்னிருந்து பின்னாக ஒன்றுக்கொன்று இணையான நுண்ணிய கோடுகளை விட்டுச் செல்லும். பழைய எண்ணைத் தேய்த்து அழித்தவர்கள் விட்டுச் செல்வது வட்டமான கீறல்கள், அல்லது ஒன்றுமே இல்லாத வழவழப்பு. கரைப்பானில் நனைத்த மென்மையான துணியால் மட்டும் துடையுங்கள்; கம்பித் தூரிகையோ உப்புத்தாளோ அதன் அருகில் போகக் கூடாது. பிறகு கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பல கோணங்களில் படம் எடுங்கள். இன்னொரு நுட்பமும் உண்டு: எஞ்சின் குறியீடு ஃப்ளின்ட்டில் குத்தப்பட்டது, வின் சுருக்கம் கார் ஆலையில் குத்தப்பட்டது. இரண்டும் ஒரே கை, ஒரே அச்சு, ஒரே ஆழம் போலத் தெரிந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். பிளாக்கை முறையாகச் செப்பனிடும்போது மேற்பரப்பைச் சீவியதில் எண் அழிந்துபோன நேர்மையான எஞ்சின்களும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெறுமையான பரப்பு துரதிர்ஷ்டம். பொய்யான பரப்பு மோசடி.

அடுத்து, பிளாக்கின் பின்புறம் கியர் பாக்ஸைச் சந்திக்கும் விளிம்புக்குப் போங்கள். ஓட்டுநர் பக்கம் வார்ப்பு எண்ணும், மறுபக்கம் வார்ப்புத் தேதியும் இருக்கும். தேதியில் முதல் எழுத்து மாதம் (ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, அப்படியே மேலே), பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். இவை இரும்போடு சேர்த்து வார்க்கப்பட்ட புடைப்பெழுத்துகள் என்பதால் குத்திய எண்ணைப் போல எளிதில் மாற்ற முடியாது. வார்ப்பு எண்ணால் மட்டும் எதுவும் நிரூபணம் ஆகாது: 3970010 என்ற பிளாக் 302க்கும் பயன்பட்டது, 350க்கும் பயன்பட்டது, லாரிகளிலும் போனது.

கடைசியாகக் கவுல் தகடு, அதாவது உடலின் தயாரிப்புக் குறியீடுகள் அடித்த சிறிய உலோகத் தகடு. ஃபயர்வாலில் ஓட்டுநர் பக்கம் இருக்கும். நார்வுட்டில் ஏறக்குறைய 1968 டிசம்பரிலிருந்து அதில் ‘எக்ஸ்’ குறியீடு வரத் தொடங்கியது. எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருந்தால் இசட்/28. வான் நைஸ் ஆலை இந்தக் குறியீட்டைப் பயன்படுத்தவில்லை. நார்வுட்டின் தொடக்க வண்டிகளிலும் இருக்காது. வண்டியைப் பார்த்துவிட்டு இந்த விவரங்களை எல்லாம் எழுதுங்கள்.

சாலைமாறன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். விற்பவர் முகம் சுளிக்காமல் ஒத்துழைத்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

வின் எண் 124379 என்று தொடங்கி, ‘என்’ எழுத்தோடு வருகிறது. வரிசை எண்ணை இங்கே தவிர்க்கிறேன். தகட்டின் ரிவெட்டுகள் பூத் தலை உள்ளவை. காற்றுத் துளைத் தகட்டைக் கழற்றினோம். கவுலில் குத்தியிருந்த எண் டேஷ்போர்டு எண்ணோடு பொருந்துகிறது, சுற்றிலும் வெல்டிங் தடயம் எதுவும் இல்லை. ஹீட்டர் பெட்டியை எடுக்கவில்லை.

கவுல் தகட்டில் தயாரிப்பு வாரம் 03சி, அதன் அருகில் எக்ஸ்77. பெயின்ட் குறியீடு 57 57 என்று இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை ஆரஞ்சு நிறத்துக்கு 72 வர வேண்டும்; இதுதான் என்னை மிகவும் குழப்புகிறது.

எஞ்சின் பரப்பில் ‘வி 0314 டிஇசட்’ என்று தெளிவாக இருக்கிறது, அதன் அருகிலேயே வின் சுருக்கமும் பொருந்துகிறது. பரப்பு கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது, கோடுகள் எதுவும் தென்படவில்லை. பின் விளிம்பில் வார்ப்பு எண் 3970010. தேதி ‘டி 2 9’. கியர் பாக்ஸ் ‘மன்சி’ எனப்படும் நான்கு வேக வகை, அதிலும் வின் சுருக்கம் பொருந்துகிறது. பின் அச்சின் மூடியில் பன்னிரண்டு போல்ட்டுகள், பின் ஸ்பிரிங் பல தகடுகள் கொண்டது, முன்னால் டிஸ்க் பிரேக்.

எல்லா எண்களும் பொருந்துவதால் வாங்கிவிடலாமா? பெயின்ட் குறியீடு மட்டும் உதைக்கிறது.

எட்டுருளை எழுதியது:

பெயின்ட் குறியீட்டை விடுங்கள், உதைப்பது வேறிடத்தில். வார்ப்புத் தேதியில் ‘டி’ என்பது நான்காவது எழுத்து; அதாவது அந்தப் பிளாக் 1969 ஏப்ரல் 2 அன்று வார்க்கப்பட்டது. அதன் மேல் குத்தியிருக்கும் எண்ணோ அது மார்ச் 14 அன்று எஞ்சினாகக் கோக்கப்பட்டது என்கிறது. வார்க்காத இரும்பை எப்படிக் கோப்பது? வார்ப்பு முதலில், எஞ்சின் கோப்பு அடுத்து, கார் தயாராவது அதன் பிறகு என்ற வரிசை ஒருபோதும் மாறாது. பொதுவாக ஒவ்வொன்றுக்கும் இடையே சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை போகும். உங்கள் வண்டியின் உடல் மார்ச் மூன்றாம் வாரம். அந்த வாரத்துக்குப் பொருந்துகிற தேதியைக் கணக்குப் போட்டு யாரோ குத்தியிருக்கிறார். பின் விளிம்பை யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள் என்று நம்பியிருக்கிறார். வழவழப்பான பரப்பும் அதையே சொல்கிறது.

எண்கள் ஒன்றோடொன்று பொருந்துவது வேறு, உண்மையாக இருப்பது வேறு. போலி செய்பவர் முதலில் பொருத்துவதே எண்களைத்தான்.

இது 302ஆ என்பதே இப்போது கேள்வி. எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினால் கிராங்க், அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு, தெரியும். 302இல் இருப்பது அடித்து வடித்த எஃகுக் கிராங்க். அதை வடித்த அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடம் அகலமான பட்டையாக இருக்கும். சாதாரண வார்ப்புக் கிராங்கில் அது மெல்லிய கோடாகத்தான் தெரியும். 350இன் ஸ்ட்ரோக் 3.48 அங்குலம் என்பதால் அளந்தாலும் தெரிந்துவிடும். வால்வுகளின் ‘டிக் டிக்’ ஓசையைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். 302இல் இருந்த, வால்வுகளை இயக்கும் திட லிஃப்டர்களை எந்தச் செவர்லே எஞ்சினிலும் போட்டுக்கொள்ளலாம்.

பழுதுநீக்கி எழுதியது:

எட்டுருளை சொல்வதை ஏற்கிறேன், ஆனால் எஞ்சின் பொய் என்பதற்காக வண்டியே பொய் என்று முடிவு செய்துவிட வேண்டாம். உங்களைக் குழப்பிய அந்த 57தான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

57 என்பது ஃபேதம் கிரீன் எனப்படும் கரும்பச்சை. காமரோவின் கவுல் தகட்டில் வின் எண் கிடையாது, உடல் எண் மட்டுமே உண்டு. அதனால் அந்தத் தகட்டைப் போலியாகச் செய்து மாட்டுவது மிக எளிது, செய்து தருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் காசு கொடுத்துப் போலித் தகடு செய்பவர் வண்டி இப்போது இருக்கும் ஆரஞ்சுக்கு ஏற்ப 72 என்றே அடிக்கச் சொல்லியிருப்பார். பச்சை வண்டியை யாரோ பிற்காலத்தில் தேவை அதிகமான நிறத்துக்கு மாற்றியிருக்கிறார் என்பதே இயல்பான விளக்கம். எக்ஸ்77 உண்மையாக இருப்பதற்கு இது சாதகம், ஆனால் முழுச் சான்று அல்ல. பச்சை வண்டி ஒன்றிலிருந்து தகட்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

அதைச் சோதிக்க வழி இருக்கிறது. எவ்வளவு முழுமையாகப் புதுப்பித்தாலும் பழைய நிறம் எங்காவது மிச்சம் இருக்கும். கதவின் உள் பலகையைக் கழற்றி அதற்குப் பின்னாலும், கையுறைப் பெட்டியை எடுத்து டேஷ்போர்டின் உட்புறத்திலும் விளக்கடித்துப் பாருங்கள். அங்கே கரும்பச்சை தெரிந்தால் தகடும் உடலும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. நீலமோ வெள்ளையோ தெரிந்தால் தகடு வந்தேறி. தகட்டின் வாரத்தையும் வின் வரிசை எண்ணையும் ஒப்பிடுங்கள். நார்வுட்டில் ஒவ்வொரு மாத முடிவிலும் வரிசை எண் எங்கே நின்றது என்பதை ஆர்வலர்கள் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு போல்ட் அச்சு, பல தகட்டு ஸ்பிரிங், டிஸ்க் பிரேக் எல்லாம் இருக்க வேண்டியவைதான். இல்லாவிட்டால் சந்தேகம், இருந்தால் அதற்காகப் பெரிதாக மகிழ ஒன்றுமில்லை. அனைத்தும் தனித்தனியாக விலைக்குக் கிடைப்பவை. கியர் பாக்ஸில் குத்திய எண்ணையும் எஞ்சின் பரப்பைப் பார்த்த அதே கண்ணோடு மறுபடி பாருங்கள்.

கார்மேகம் எழுதியது:

காகிதங்களைப் பற்றி யாரும் பேசாததால் நான் சேர்க்கிறேன். இதே வண்டி போன்டியாக்காக இருந்திருந்தால், பிஎச்எஸ் நிறுவனத்துக்கு எழுதி, ஆலையின் விற்பனைப் பதிவின் நகலையே வாங்கியிருக்கலாம். 1967 முதலான ஃபோர்டாக இருந்தால், ஆலைப் பதிவுகளிலிருந்து தயாரித்துத் தரும் மார்ட்டி அறிக்கை ஒன்று போதும். கிரைஸ்லர் வண்டிகளில் இன்னும் எளிது. வின் எண்ணின் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும், 1970 பிளிமத்தில் ‘ஆர்’ என்றால் 426 ஹெமி. அமெரிக்காவில் விற்ற செவர்லே வண்டிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கனடாவில் முதலில் விற்கப்பட்டவையாக இருந்தால் அங்குள்ள ஜெனரல் மோட்டார்ஸ் பதிவுகள் உதவும்.

ஆகவே இங்கே வேண்டியது பழைய உரிமையாளர்களிடம் எஞ்சியிருக்கும் தாள்கள். உத்தரவாதப் புத்தகத்தோடு ‘ப்ரொடெக்ட்-ஓ-பிளேட்’ என்ற சிறிய உலோகத் தகடு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் வின் எண்ணோடு எஞ்சின், கியர் பாக்ஸ், பின் அச்சு ஆகியவற்றின் குறியீடுகளும் புடைப்பாக அடிக்கப்பட்டிருக்கும். இதற்கும் வெற்றுத் தகடு வாங்கிப் புதிதாக அடித்துத் தருபவர்கள் உண்டு. அதனால் தாள் எது என்பதைவிட அது யார் கையிலிருந்து வருகிறது என்பதற்கே நான் மதிப்புக் கொடுப்பேன். முதல் உரிமையாளரின் குடும்பத்திடமிருந்து வரும் மங்கிய பழுதுபார்ப்பு ரசீது, விற்பனைக்கு ஒரு வாரம் முன்பு தோன்றிய பளபளப்பான ஆவணத்தைவிட மேல். விற்பவரிடம் அவருக்கு முன்பிருந்தவரின் தொடர்பைக் கேளுங்கள். புதுப்பிப்பதற்கு முன் எடுத்த படங்கள் இருந்தால், பச்சையா இல்லையா என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று. எஞ்சின் இழந்த உண்மையான இசட்/28ஐ நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பந்தயத்துக்கென்றே பிறந்த எஞ்சின் அது. விரட்டி விரட்டி ஓட்டியதில் உடைந்துபோன பிளாக்குகள் எத்தனையோ. உண்மையான உடலும் மாற்று எஞ்சினும் என்று ஒளிவுமறைவின்றி விற்றால் அதற்கென்று ஒரு நியாயமான விலை இருக்கிறது. நீங்கள் வாங்குவதாக இருந்தால், விற்பனைப் பத்திரத்தில் ‘பழைய வண்டி, உள்ளபடியே விற்கப்பட்டது’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். எக்ஸ்77 குறியீட்டின்படி இசட்/28 என்றும், எஞ்சின் அசல் அல்ல என்றும் எழுத்தில் வாங்குங்கள். நாளை நீங்கள் விற்கும்போது அந்தப் பொய் எண்ணுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

சாலைமாறன் எழுதியது:

கதவுப் பலகையைக் கழற்றிப் பார்த்தோம். பூட்டு இருக்கும் மூலையில், ஆரஞ்சு எட்டாத இடத்தில் கரும்பச்சை அப்படியே இருக்கிறது. டேஷ்போர்டின் அடியிலும் அதே பச்சை. வார்ப்புத் தேதியைக் காட்டியபோது விற்பவர் உண்மையிலேயே திகைத்துவிட்டார். அவரும் ஏமாற்றப்பட்டவர்தான் என்று நினைக்கிறேன். எஞ்சின் அசல் அல்ல என்று பத்திரத்தில் எழுத ஒப்புக்கொண்டார், முந்தைய உரிமையாளரையும் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். விலைப் பேச்சு இன்னும் முடியவில்லை. எண்ணெய்த் தொட்டியைக் கழற்ற மட்டும், கசிவு வந்துவிடும் என்று சொல்லி மறுக்கிறார்.

எட்டுருளை எழுதியது:

கழற்ற மறுத்தால், உள்ளே இருப்பது 350 என்றே வைத்துக்கொண்டு உங்கள் விலையைச் சொல்லுங்கள். 302 என்று நிரூபித்தால் மேற்கொண்டு எவ்வளவு தருவீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்; புதிய கேஸ்கெட்டின் செலவை நீங்களே ஏற்பதாகச் சொன்னால் அவரே தொட்டியைக் கழற்ற முன்வரக்கூடும்.